கதவுப் பக்கம் நின்றவள்

எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கிக்கு அவசரம் அதிகம். ஒருவர் உள்ளே கால் வைப்பதற்குள் கதவு மூடிக்கொள்ளும். பினாங்குத் தீவின் கெலுகோருக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம், இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு நான் ஓடிவந்தபோது, மூடிக்கொண்டிருந்த கதவின் நடுவே ஒரு கால் நீண்டு வந்தது. மஞ்சள் நிற ரப்பர் செருப்பு. கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டிய நீலம்.

"மெதுவா வாங்கண்ணே. இது நம்ம சொன்னா கேக்கும் லா," என்றாள்.

அப்படித்தான் அவள் அறிமுகமானாள். எங்கள் மாடியிலேயே, இரண்டு வீடு தள்ளி, அம்மாவோடு குடியிருந்தாள். அது ஒரு சனிக்கிழமைக் காலை. ஞாயிற்றுக்கிழமை என்று என் மனைவி சரோஜா இன்றைக்கும் சாதிக்கிறாள். ஞாயிறாக இருக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண் கோலாலம்பூரில் இருப்பாள். தேதி, கிழமை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. எங்கள் வட்டாரத்தில் எந்தக் கடை எப்போது திறந்தது, எந்த மரம் எந்த மழைக்கு விழுந்தது என்றெல்லாம் பல வருடங்களாகக் குறித்து வருகிறேன். அந்த வழக்கத்தில்தான் அவளைப் பற்றியும் குறிக்கத் தொடங்கினேன். ஆனால் அவள் விஷயத்தில் ஒரே ஒரு தேதிக்காக நான் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கே போனாலும் அவள் கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். பேருந்தில் இருக்கை காலியாக இருந்தாலும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். ஃபெரி கரையை நெருங்கும்போது இறங்கும் வழிக்கு முதல் ஆளாகப் போய் நிற்பாள். ஆனால் முதல் ஆளாக இறங்கமாட்டாள். தடுப்புச் சங்கிலியைக் கழற்றும் ஊழியருக்கு ஒத்தாசையாக அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, பாத்து," என்று பின்னால் இருப்பவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுத்தான் தான் கால் வைப்பாள். அவள் தோளில் எப்போதும் ஒரு ராட்சதப் பை தொங்கும். சுருட்டிய மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்றுதான் தெரியாதவர்கள் நினைப்பார்கள்.

அந்தப் பைக்குள் மலேசிய மகளிர் தேசிய ஐஸ் ஹாக்கி அணியின் இரண்டாவது கோல்காவலருடைய உடுப்பு முழுவதும் இருந்தது.

"ஐஸ் மேலயா? நம்ம நாட்டுலயா?" என்று சரோஜா முதல் தடவை கேட்டபோது வாயை மூடவில்லை.

"ஆமா அண்ணி. நம்ம ஊரு வெயிலுக்கு அங்க போயி சும்மா நின்னாக்கூட போதும். நான் அதத்தான செய்யுறேன்," என்று சொல்லிச் சிரித்தாள்.

சும்மா நிற்பதில்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது. அவளுக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க உருப்பெருக்கிக்குக் கீழே சின்னச் சின்னச் சில்லுகளைப் பார்த்து, பழுதானவற்றை ஒதுக்கவேண்டும். ஒரு வருடம் தொழிற்சாலைத் தோழிகளோடு கோலாலம்பூருக்குச் சுற்றுலா போனபோது, ஒரு பேரங்காடிக்குள் இருந்த பனித்தளத்தில் சறுக்கிப் பார்க்க இறங்கியிருக்கிறார்கள். இவளால் இரண்டடி நகர முடியவில்லை. ஓரத்துத் தடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, அங்கே பயிற்சிக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "உனக்கு நகரத் தெரியாதுதானே? அப்படியே கோல் முன்னால் நில். எங்களுக்கு ஆள் இல்லை," என்று மலாயில் சொல்லியிருக்கிறாள். தொழிற்சாலை ஃபுட்சால் அணிக்கு ஏற்கெனவே கோல்காவலராக இருந்தவள் இவள். போய் நின்றாள். கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று பறந்து வந்து தொடையில் பட்டது.

"வலிச்சிச்சு அண்ணே. ஆனா உள்ள போகல பாருங்க, அதுல ஒரு சொகம்," என்றாள் அந்தக் கதையைச் சொல்லும்போது.

அதற்குப் பிறகு பழைய சக்கரக் காலணி ஒன்றை வாங்கி, எங்கள் வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் தினமும் மாலையில் பழகினாள். ஜாகாவாகக் காவல் பார்த்த காசிம் பாய் ஒவ்வொரு தூணுக்கும் பின்னாலிருந்து கத்துவார். "ஏம்மா, காடியில மோதிடாத! காடிக்குக் காப்புறுதி இருக்கு, ஒன் மூக்குக்கு இல்ல!" சில மாதங்களில் அவரே தார்த் துணியை உருட்டிப் பந்தாக்கி அவள் மீது எறிந்து பயிற்சி கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டார். "தடுத்துட்டா பாருங்க! இந்தப் புள்ளய தாண்டி ஒரு எறும்பு போகாது," என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு நீங்கிய மறு வருடம், தேசிய அணிப் பட்டியலில் அவள் பெயர் வந்தது.

இங்கே இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தளத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். அதில் ஒருவர் கோல்காவலர். மற்ற ஐவரும் வெறிபிடித்தாற்போல் சறுக்கி, ஒரு நிமிடத்துக்குள் களைத்துவிடுவார்கள். ஆட்டத்தை நிறுத்தாமலேயே அவர்கள் ஓரத்துத் தடுப்பில் உள்ள சிறிய கதவு வழியாக வெளியே வர, பெஞ்சில் காத்திருப்பவர்கள் தடுப்பைத் தாண்டிக் குதித்து உள்ளே போவார்கள். கோல்காவலர் மட்டும் களைத்தாலும் மாறுவதில்லை, கடைசிவரை அவர்தான். ஆகவே இரண்டாவது கோல்காவலர் என்பவர் முழு உடுப்பையும் மாட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, பெஞ்சின் ஓரத்தில் சும்மா நிற்கவேண்டும். சும்மா நிற்கிறவருக்கு ஒரு வேலை கொடுப்பது உலக வழக்கம். கதவைத் திறந்து மூடுவது அவர் வேலை.

அவள் தேசிய அணியில் சேர்ந்து வருடக்கணக்கில் அந்தக் கதவைத்தான் திறந்தாள். ஒரு போட்டியில்கூட கோலுக்கு முன்னால் நிற்கவில்லை.

நான் காத்திருந்த தேதி அதுதான். அவள் முதன்முதலாக நாட்டுக்காக ஆடும் நாள். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் என் குறிப்பில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

அவள் அம்மா சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் தயவு தாட்சணியம் பார்ப்பதில்லை. மகள் பையோடு மேலே வருவதற்குள் நடைபாதையிலேயே கேள்வி காத்திருக்கும்.

"எறங்குனியா?"

"இல்லமா."

"பின்ன என்னா பண்ணுன?"

"கதவு தெறந்தேன்."

"கதவு தெறக்க இங்கேருந்து கோலாலம்பூரு வரைக்கும் போவணுமாடி? நம்ம வூட்டுக் கதவு தெறக்க ஆளில்லாம கெடக்கு!"

அவள் சிரித்துக்கொண்டே போய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்து, "வாங்கம்மா, உள்ள வாங்க," என்று குனிந்து கையை நீட்டுவாள். அம்மா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போவார். இதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அணியில் அவளுக்குக் 'கதவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களுமாக இருந்த அணியில் அந்த ஒரு தமிழ்ச் சொல் மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் கைப்பேசியில் யாரோ எடுத்த காணொளியைப் போட்டுக் காட்டினாள். "கத்தாவு! கத்தாவு!" என்று ஒரு கூட்டமே கத்துகிறது. அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "பெத்து வச்ச பேரு எவ்வளவு நல்லா இருக்கு. அவளுங்களுக்கு இதுதான் கெடச்சிச்சா?"

இன்னொரு புறம், அவள் அந்த வேலையைச் சும்மா செய்யவில்லை. எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் கதவின் தாழ்ப்பாளைத்தான் போய்ப் பார்ப்பாள். ஒன்று மேலே தூக்கினால் திறக்கும், இன்னொன்று இழுத்துத் தூக்கவேண்டும், வேறொன்று ஈரத்தில் இறுகிக்கொள்ளும். பையின் பக்கவாட்டு அறையில் ஒரு துண்டு மெழுகுவர்த்தி வைத்திருந்தாள். தாழ்ப்பாளில் அதைத் தேய்த்துவிட்டு, நாலு தடவை திறந்து மூடிப் பார்ப்பாள். எண்ணெய் போடக்கூடாதாம், பனியில் சொட்டிவிடும்.

"அவங்க கூப்புட்டு நான் தெறந்தா அது லேட்டு அண்ணே," என்று ஒருநாள் சொன்னாள். "வெளிய வரணும்னு அவங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். தோளு எறங்கும். குச்சி கொஞ்சம் தரையில இழுபடும். அப்பவே கைய தாப்பாள்ல வச்சிருவேன்."

பனித்தளத்துக்கு வெளியிலும் அவளுக்கு அந்தக் கண் இருந்தது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, சரோஜாவைத் தூரத்து உறவுக்கார அம்மாள் ஒருவர் மூலையில் மடக்கி, தன் முழங்கால் அறுவைச் சிகிச்சையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். வாசற்பக்கம் நின்றிருந்த அவள் நேரே வந்தாள். "அண்ணி, பொண்ணோட அம்மா கூப்புடறாங்க." சரோஜா எழுந்து போனதும், காலியான நாற்காலியில் தான் உட்கார்ந்து, "அப்பறம் என்னா ஆச்சு ஆன்ட்டி, முட்டிய தெறந்தாங்களா?" என்று கேட்டாள். அரைமணி நேரம் கேட்டாள். திரும்பும் வழியில் சரோஜா, "பொண்ணோட அம்மா என்னைக் கூப்புடவே இல்லையாம்மா," என்றபோது, "உங்க தோளு எறங்கிருச்சு அண்ணி," என்றாள்.

தைப்பூசத்தன்றும் தண்ணீர்மலை முருகன் கோயில் சாலையில் தடுப்புக் கம்பிகளுக்குப் பக்கத்தில்தான் அவளைப் பார்க்கலாம். யாரும் அவளைத் தொண்டராகச் சேர்த்ததாக எனக்குத் தெரியவில்லை. காவடி எடுத்தவர் தள்ளாடும்போது, கம்பியைச் சட்டென்று நகர்த்தி அவரை நிழலுக்கு விடுவதும், அவரோடு வந்த பத்துப் பேரும் நுழையுமுன் மறுபடி சாத்துவதும் அவள்தான்.

அவளைப் பற்றிப் பேசும்போது நாற்றத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஐஸ் ஹாக்கி உடுப்பு குளிர்நாட்டில் உலர்வதற்காகச் செய்யப்பட்டது. பினாங்குக் காற்றில் அது உலராது, ஊறும். திங்கட்கிழமைதோறும் கால்காப்பு, மார்புக்கவசம், கையுறை எல்லாவற்றையும் நடைபாதைக் கைப்பிடியில் வரிசையாகக் காயப்போடுவாள். முதல் மாதம் நாங்கள் செத்த எலியைத் தேடினோம். மேல்மாடிக்காரர்கள் நிர்வாகக் குழுவிடம் புகார் கொடுக்கும் அளவுக்குப் போனார்கள். கடைசியில் சரோஜா ஒரு தட்டில் தணலை எடுத்து, சாம்பிராணி போட்டு, நடைபாதை முழுக்கப் புகை காட்டத் தொடங்கினாள். மூன்றாவது திங்கள் அவள் கால்காப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள்.

"அண்ணி, இதுக்குள்ளயும் கொஞ்சம் காட்டுங்களேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு திங்களும் அவள் உடுப்புக்குத் தூபம். மலேசிய அணியின் உடைமாற்றும் அறையில் அவள் இருந்த மூலை மட்டும் கோயில் போல் மணக்குமாம். முதல் கோல்காவலர் மெய் லிங், எந்தக் கடையில் வாங்கிய வாசனைத் திரவியம் என்று விசாரித்து, கடைசியில் ஒரு பொட்டலம் சாம்பிராணியோடு வீட்டுக்குப் போனாள். மறு வாரம் அவளிடமிருந்து செய்தி வந்தது: வீட்டில் தீயணைப்பு அலாரம் அடித்து, மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள்.

மெய் லிங்கைப் பற்றி அவள் பேசும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அவள் ஆடினால் இவள் நிற்கவேண்டும். ஆனாலும் பேச்சில் ஒரு கசப்பும் இருக்காது. "அவ காலு ரப்பரு அண்ணே. நான் ஒரு தடவ முட்டிபோட்டு எழும்புறதுக்குள்ள அவ மூணு தடவ எழும்பிருவா." ஒரு தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வழக்கம்போல் எங்கள் வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள். நான் கேட்டுவிட்டேன்.

"உனக்கு ஆடணும்னு ஆசையே இல்லையாம்மா?"

சிரிப்பு ஒரு நொடி நின்றது. "ஆச இல்லாமலா அண்ணே இந்த நாத்தத்த தூக்கிக்கிட்டு ஃபெரி ஏறுறேன்?" என்றாள். உடனே, "முறுக்கு நமுத்துறப் போகுது, டப்பால போடுங்க," என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

மறு வருடம் மூன்றாவதாக ஒரு கோல்காவலர் அணிக்கு வந்தாள். இவளைவிடப் பத்து வயது சின்னவள். பயிற்றுநர் ஒளித்து வைக்கவில்லை. கோலாலம்பூரில் நடக்கப்போகும் போட்டிக்கு இவள் பெயர் உண்டு. அதற்குப் பிறகு அந்த இடம் சின்னவளுக்கு என்று சொல்லிவிட்டார். அவள் எங்களிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அடுத்து வந்த திங்களன்று உடுப்பைத் தூபத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டாள்.

அந்த வாரமே நாங்கள் முடிவு செய்தோம். கடைசி ஆட்டத்தைப் பார்க்க நானும் சரோஜாவும் போவது. அவள் அம்மா முதலில் மாட்டேன் என்றார். "கதவு தெறக்கறத பாக்க டிக்கெட்டா?" என்றார். நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை அவரே வந்து, எத்தனை மணிக்கு ஃபெரி என்று கேட்டார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் ஆட்டம். பனித்தளத்துக்குள் நுழைந்ததும் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எங்களுக்குக் கிடைத்த இடம் மலேசிய அணியின் பெஞ்சுக்கு நேர் பின்னால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம். முழு உடுப்பில் அவளை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆள் இரண்டு மடங்காக இருந்தாள். தலைக்கவசத்தை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, ஒரு கையைத் தாழ்ப்பாளில் வைத்திருந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கதவு திறப்பதைப் பார்ப்பதில் ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தேன். என் கண் ஆட்டத்தில் இல்லை. அந்தக் கதவில்தான் இருந்தது. களைத்த ஒருத்தி திரும்பிப் பார்க்குமுன் கதவு திறந்திருக்கும். அவள் உள்ளே விழுந்ததும் சாத்தியிருக்கும். ஒரு தடவைகூட யாரும் "கத்தாவு" என்று கத்தவில்லை.

"எப்பத் தெறக்கறா எப்ப மூடறான்னே தெரியலயே," என்றார் அம்மா மெதுவாக.

மூன்றாவது, கடைசிப் பகுதி ஆட்டம் தொடங்கியபோது மலேசியா மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தது. இந்த ஆட்டத்தை வென்றால் பதக்கம். பயிற்றுநர் வட்டின் பின்னாலேயே கண்ணை ஓட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் வட்டையே பார்த்தார்கள். அவள் மட்டும் தூரத்தில், மெய் லிங்கைப் பார்த்தாள். நான் அவள் பார்வையைத் தொடர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவளே விளக்கினாள். முட்டிபோட்டுத் தடுத்துவிட்டு எழும்போது மெய் லிங் கோல்கம்பத்தைப் பிடித்தாள். ரப்பர் கால்காரிக்குக் கம்பம் தேவையில்லை. அடுத்த தடவையும் பிடித்தாள். இடது முழங்காலில் ஏதோ ஆகியிருந்தது. மெய் லிங் சொல்லமாட்டாள். பதக்க ஆட்டத்தில் யார் சொல்வார்கள்?

மெய் லிங் வெளியே வரவேண்டும் என்று அங்கே தெரிந்தது இவள் ஒருத்திக்குத்தான். அதைச் சொன்னால், உள்ளே போகப்போவதும் இவள்தான்.

அவள் பயிற்றுநரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த நேரம் பார்த்து அவள் முன்னால் ஒருத்தி களைத்து வந்துவிட்டாள். கதவு ஒரு கணம் தாமதமாகத் திறந்தது. அத்தனை நேரத்தில் அதுதான் முதல் தாமதம். பிறகு நடுவர் ஊதி ஆட்டம் நின்றது. வட்டு பார்வையாளர் பக்கம் பறந்துவிட்டது, வேறொன்று கொண்டுவரவேண்டும். அவள் பயிற்றுநரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கதவை முழுக்கத் திறந்தாள். யாரும் வராத கதவைத் திறந்து, முதுகால் அதைத் தாங்கிக்கொண்டு, தளத்தின் கோடியில் இருந்த மெய் லிங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன செய்யுற நீ?" என்று பயிற்றுநர் கேட்டது எங்களுக்கே கேட்டது.

அங்கே மெய் லிங் திறந்த கதவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு ஒரே காலால் உந்திக்கொண்டு, தளத்தின் முழு நீளத்தையும் கடந்து வந்து, அந்தக் கதவுக்குள் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"அன்னிக்கி மட்டும் அந்தக் கதவு கனமா இருந்துச்சு அண்ணே," என்றாள் அவள் பிறகு.

இப்படித்தான் அவள் தலைக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, அதே கதவு வழியாக உள்ளே போனாள். அம்மா எழுந்து நின்றுவிட்டார். பின்வரிசைக்காரர்கள் உட்காரச் சொன்னார்கள். அவர் காதில் விழவில்லை.

அடுத்து நடந்ததை எந்த அணியும் செய்திருக்காது. ஒரு தற்காப்பு ஆட்டக்காரி களைத்து வந்தாள். அவளுக்குப் பதிலாகப் போகவேண்டியவள் தடுப்பைத் தாண்டிக் குதித்துவிட்டாள். களைத்தவள் பழக்கத்தில் வேகத்தைக் குறைக்காமல் கதவை நோக்கி வந்தாள். கதவு மூடியிருந்தது. மார்போடு போய் மோதினாள். பெஞ்சில் இருந்த ஒருத்திக்கும் அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரியவில்லை. ஒருத்தி இழுத்தாள், இன்னொருத்தி தூக்கினாள், இருவரும் சேர்ந்து ஆட்டினார்கள். இத்தனை வருடமாக அந்த அணியில் வேறு யாரும் கதவைத் தொட்டதே இல்லை! தளத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றவளின் காலடிக்கு வட்டு உருண்டு வந்தது. அவள் யோசிக்காமல் அதை அடித்துவிட்டாள். நடுவர் ஊதினார். தளத்தில் ஓர் ஆள் அதிகம். மலேசியாவுக்கு இரண்டு நிமிடத் தண்டனை. ஓர் ஆள் குறைவாக ஆடவேண்டும்.

தூரத்துக் கோலிலிருந்து ஒரு குரல், தலைக்கவசத்துக்குள்ளிருந்து, தளம் முழுக்க அதிரக் கேட்டது.

"இழுத்துத் தூக்குங்கடி! மொதல்ல இழு, அப்பறம் தூக்கு!"

யாருக்கும் தமிழ் புரியவில்லை. மெய் லிங்குக்கு மட்டும் குரலின் திசை புரிந்திருக்கவேண்டும். முழங்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு நொண்டி வந்து, தாழ்ப்பாளை இழுத்துத் தூக்கினாள். கதவு திறந்தது. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பயிற்றுநரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கோலிலிருந்தவளும் சிரித்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். வந்த முதல் வட்டு அவள் கால்களுக்கு நடுவே உள்ளே போய்விட்டது. மூன்றுக்கு இரண்டு.

அதன் பிறகு ஒன்றும் உள்ளே போகவில்லை. அவள் தடுத்ததை எல்லாம் இங்கே வரிசையாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஆட்டம் தெரியாது. ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. கடைசியில் ஒருத்தி தனியாக வந்து மிக அருகிலிருந்து அடித்தாள். இவள் அதற்கு முன்னாலேயே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தாள். வட்டு வந்து கால்காப்பில் பட்டுச் செத்தது. அடித்தவள் கூரையைப் பார்த்தாள்.

"தோளு," என்றாள் சரோஜா என் காதில். "அவ தோளப் பாத்துருக்கா."

கடைசி மணி ஒலிக்கும்வரை அந்தக் கதவுக்குப் பக்கத்தில் மெய் லிங்தான் நின்றாள். மூன்றுக்கு இரண்டு மாறவில்லை. பெண்கள் எல்லாரும் கோலை நோக்கிப் பாய்ந்து, அவள் மேல் விழுந்து, அவளைக் காணாமல் ஆக்கிவிட்டார்கள்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே நடைபாதையில் காத்திருந்தோம். ஈரத் தலையோடு, கழுத்தில் பதக்கத்தோடு, பையைச் சுமந்துகொண்டு வந்தாள். வழக்கமான கேள்விக்கு அன்று இடமில்லை. என்ன சொல்லப்போகிறார் என்று நானும் அம்மாவையே பார்த்தேன். அம்மா பதக்கத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"யாருடி அவளுங்க? ஒரு கதவ ஒழுங்கா தெறக்கத் தெரியல!"

அவள் சிரித்த சிரிப்பில் பதக்கம் குலுங்கியது.

அந்தத் தேதி என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் அணியில் ஆடவில்லை. சில மாதங்களில் கோலாலம்பூருக்கே குடிபோய், சின்னப் பெண்களுக்குக் கோல்காவல் பழக்குகிறாள். அம்மாவும் கூடப் போய்விட்டார். போகும்போது மெழுகுவர்த்தித் துண்டை எங்கள் மின்தூக்கிக்கு என்று காசிம் பாயிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவரும் கதவுத் தடத்தில் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்த நாளைப் பற்றி நான் குறித்து வைத்திருக்கும் கடைசி வரி ஆட்டத்தைப் பற்றியதல்ல. பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ரயிலில் அவள் முதன்முறையாகச் சன்னலோரத்தில் உட்கார்ந்தாள். ஈப்போ வருமுன்னே, பதக்கத்தைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். பினாங்குப் பாலம் தூரத்தில் தெரியத் தொடங்கியதும் அம்மா எழுந்தார். மகளை எழுப்பவில்லை. நேரே வாசலுக்குப் போய் நின்றார். வண்டி நின்று கதவு திறந்ததும், ஒரு காலைக் குறுக்கே வைத்து, உடம்பால் கதவை அடைத்துக்கொண்டார்.

பட்டர்வொர்த் கடைசி நிலையம். அந்தக் கதவுக்கு மூடவேண்டிய அவசரமே இல்லை. நான் அதைச் சொல்லவில்லை.

"வழிய விடுங்கம்மா," என்றார் பின்னால் வந்த ஒருவர்.

"இருங்க தம்பி," என்றார் அம்மா, காலை எடுக்காமல். "எம் மக வர்றா. பெரிய பையி."